டிக்ஸ்வில் நாட்ச் நள்ளிரவு வாக்களிப்பு

டிக்ஸ்வில் நாட்ச் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தின் வடபகுதியில், கனடா எல்லைக்கு அண்மையில் அமைந்துள்ள மிகச் சிறிய மலைக் குடியிருப்பு ஆகும். 'நாட்ச்' என்னும் சொல் அப்பகுதியில் மலைக்கணவாயைக் குறிக்கும். இங்கு 2010 கணக்கெடுப்பில் 12 பேரும், 2020 கணக்கெடுப்பில் 4 பேரும் மட்டுமே வாழ்ந்தனர். எனினும் அதிபர் தேர்தல் நாளன்று நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்படும் முடிவுகளுள் இவ்வூரின் முடிவும் ஒன்று என்பதால் இது உலகெங்கும் அறியப்பட்டுள்ளது.

தோற்றம்

நூறு பேருக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்கள் நள்ளிரவிலேயே வாக்குச்சாவடியைத் திறக்க நியூ ஹாம்சயர் சட்டம் இடமளிக்கிறது. பதிவு செய்த வாக்காளர் அனைவரும் வாக்களித்து முடிந்தவுடன் சாவடியை மூடி, வாக்குகளை எண்ணிவிடலாம். இம்முறையை டிக்ஸ்வில் நாட்ச் முதலில் தொடங்கவில்லை. அதே மாநிலத்தின் ஆர்ட்ஸ் லொக்கேசன் என்னும் ஊர், விடியுமுன் பணிக்குச் செல்லவேண்டிய தொடர்வண்டித் தொழிலாளர்களுக்காக 1948 இல் நள்ளிரவில் வாக்களித்தது.

டிக்ஸ்வில் நாட்சில் இவ்வழக்கம் 1960 இல் தொடங்கியது. இதற்குக் காரணமாயிருந்தவர் இங்குள்ள பால்சம்சு விடுதியின் உரிமையாளரும் இறப்பர்ப் பொருள் உற்பத்தியாளருமான நீல் டில்லட்சன் (1898-2001) ஆவார். பல்லாண்டுகளாக முதல் வாக்கை அவரே இட்டு வந்தார். விடுதியில் வாக்களிப்புக்கென ஓர் அறை இருந்தது. செய்தியாளர்கள் வாக்காளர்களைவிட அதிக எண்ணிக்கையில் கூடுவது வழக்கம். விடுதி 2011 இல் மூடப்பட்ட பின்னரும் வாக்களிப்பு தொடர்ந்தது.

வாக்களிப்புப் போக்கு

தொடக்கத்தில் இவ்வூர் குடியரசுக் கட்சியின் உறுதியான கோட்டையாக இருந்தது. 1960 இல் பதிவான 9 வாக்குகளும் ரிச்சர்ட் நிக்சனுக்கே கிடைத்தன, கென்னடிக்கு ஒன்றுமில்லை. 1968 இல் மட்டும் ஊர் திரும்பி, மக்களாட்சிக் கட்சியின் அம்பிரிக்கு 8 வாக்குகளும் நிக்சனுக்கு 4 வாக்குகளும் அளித்தது. 1984 இல் ரீகன் 29 வாக்குகளும் மொண்டேல் ஒரேயொரு வாக்கும் பெற்றனர்.

அடுத்த திருப்பம் 2008 இல் நிகழ்ந்தது. பராக் ஒபாமா 15 வாக்குகளையும் ஜான் மெக்கெய்ன் 6 வாக்குகளையும் பெற்றனர். 1968 க்குப் பின்னர் மக்களாட்சிக் கட்சி வேட்பாளர் இங்கு வென்றது அதுவே முதன்முறை. மாநிலமும் 2004 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் அக்கட்சியையே ஆதரித்துள்ளது. 2012 இல் ஒபாமாவும் ராம்னியும் தலா 5 வாக்குகள் பெற்றுச் சமநிலை அடைந்தனர். 2016 இல் இலரி கிளின்டன் 4, டிரம்ப் 2; 2020 இல் 5 வாக்குகளும் பைடனுக்கு; 2024 இல் ஆரிசும் டிரம்பும் தலா 3.

இதை ஊர்மக்களின் கொள்கை மாற்றம் என்று உடனே கொள்வது பொருந்தாது. வாக்காளர்களுள் பலர் விடுதியைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். விடுதி தளர்ந்தபோது ஆட்களே மாறினர். பத்துப் பேர் உள்ள ஊரில் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தாலே ஊரின் அரசியல் சாய்வு மாறிவிடும். 2020 இல் பைடன் 5-0 என்று வென்ற அதே இரவில், அண்டையிலுள்ள மில்சுபீல்டில் டிரம்ப் 16 வாக்குகளும் பைடன் 5 வாக்குகளும் பெற்றனர்.

முன்னறிகுறியா?

ஊடகங்கள் இவ்வூரின் முடிவை நாட்டின் முடிவுக்கு முன்னறிகுறிபோல் காட்டுவதுண்டு. 1960 முதல் 2024 வரை நடந்த 17 அதிபர் தேர்தல்களில் இவ்வூர் வெற்றியாளரையே தேர்ந்தது 8 முறை. தோற்றவரைத் தேர்ந்தது 7 முறை. சமநிலை 2 முறை. முதல் மூன்று தேர்தல்களிலும் ஊர் தோற்றவர் பக்கமே நின்றது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறத்தாழ இதே அளவு பொருத்தம் கிடைக்கும். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலிலும் நிலைமை அவ்வாறே. 2024 சனவரியில் இங்குப் பதிவான 6 வாக்குகளும் நிக்கி ஏலிக்குக் கிடைத்தன. மாநிலத்தில் வென்றவர் டிரம்ப்.

இரகசிய வாக்கெடுப்பு

எல்லா வாக்குகளும் ஒருவருக்கே விழும்போது யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளிப்படையாகிவிடுகிறது. ஒருமனதாக இல்லாதபோதும் கணக்கிட்டு ஊகிக்க முடியும். 2024 இல் இருந்த 6 வாக்காளர்களுள் நால்வர் குடியரசுக் கட்சியினராகவும் இருவர் கட்சி சாராதவராகவும் பதிவு செய்திருந்தனர். டிரம்ப் பெற்றது 3 வாக்குகள். ஆகவே அக்கட்சியில் பதிவு செய்தவருள் ஒருவராவது அவருக்கு வாக்களிக்கவில்லை என்பது உறுதி. 1984 இல் மொண்டேலுக்கு வாக்களித்த அந்த ஒருவரைப் பற்றி மற்ற 29 பேரும் எவ்வளவு பேசியிருப்பார்கள் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம். மேலும், அனைவரும் வாக்களித்தாலன்றிச் சாவடியை உடனே மூட இயலாது என்பதால், வாக்களிக்காமல் இருக்கும் உரிமையும் இங்கு நடைமுறையில் சுருங்கிவிடுகிறது.

அண்மைக்காலம்

தேர்தலை நடத்த உள்ளூர் அலுவலர்கள் சிலர் கட்டாயம் தேவை. 2019 இல் அவர்களுள் ஒருவர் ஊரைவிட்டு நீங்கியதால் நள்ளிரவு வாக்களிப்பே நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. புதிதாகக் குடியேறிய ஒருவர் அப்பொறுப்பை ஏற்றதனால் 2020 தேர்தல் வழக்கம்போல் நடந்தது.