சண்டிகர் நாற்காலி

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பழஞ்சந்தையை அறியாதார் சேலையூர், தாம்பரம் வாசிகளில் அரியர். அங்கே கால் ஒடிந்த மேஜைகளுக்கும் துருவேறிய விசிறிகளுக்கும் நடுவே, எந்தக் காரியாலயத்திலிருந்தோ கழித்துக்கட்டப்பட்ட தேக்கு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைக் காணும்போதெல்லாம், இதே கதியில் கிடந்த ஓர் ஆசனம் இன்று ஐரோப்பிய, அமெரிக்க ஏல மண்டபங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகும் விந்தையையும், அந்த விலைக்கு உரிய காரணம் அதன் அமைப்பில் எங்கே இருக்கிறது என்பதையும் நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு மிகுகிறது.

தேசப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விடவே, கிழக்குப் பஞ்சாபுக்குப் புதியதொரு தலைநகரம் வேண்டியதாயிற்று. சண்டிகர் என்ற அந்த நகரை நிர்மாணிக்கும் பொறுப்பை ஏற்ற லெ கொர்பூசியே அவ்வப்போது வந்து போனவரே. கட்டடங்கள் எழும் இடத்திலேயே குடியிருந்து அன்றாட வேலைகளை மேற்பார்த்தவர் அவருடைய உறவினரான பியேர் ஜான்னரே. ஜெனீவாவில் 1896-ல் பிறந்து, 1951-ல் இங்கே வந்து, 1965 வரை தங்கிய இவர், 1967-ல் மறைந்தபின் இவருடைய அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம் என்று வரிசையாக எழுந்த மாளிகைகளில் மனிதர் அமர்வதற்கு ஆயிரக்கணக்கான ஆசனங்கள் தேவைப்பட்டன. 1920-களின் இறுதியில் லெ கொர்பூசியே, ஷார்லட் பெரியான் ஆகியோருடன் சேர்ந்து எஃகுக் குழாய்களை வளைத்து நாற்காலி செய்து புகழ்பெற்றவர் ஜான்னரே. அப்படிப்பட்டவர், இந்த ஏழை தேசத்தில் எளிதாகக் கிடைப்பவை மரமும் பிரம்பும் தச்சனின் கைத்திறனுமே என்று கண்டு, தம் பழைய கீர்த்தியை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மூன்றையும் கொண்டே சிந்திக்கத் தொடங்கினார் என்பதுதான் அவரிடத்தில் எனக்கு உள்ள மதிப்பின் மூலம். யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கலைஞர்களும் இம்முயற்சியில் பங்கு கொண்டார்கள்.

இவ்வாறு பிறந்த சண்டிகர் நாற்காலியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்காலும் பின்காலும் கவராயத்தின் இரு கால்களைப் போல மேலே நெருங்கியும் கீழே அகன்றும் நிற்பது தெரியும். இது வெறும் அழகுக்காகச் செய்தது அன்று. சாதாரண நாற்காலியில் காலும் சட்டமும் சேர்ந்து ஒரு செவ்வகமாகின்றன. அமர்ந்தவர் பின்னால் சாயுந்தோறும் அந்தச் செவ்வகம் சரிந்து இணைகரமாக முயல்வதால், கழுந்தும் துளையும் நாளடைவில் நெகிழ்ந்து ஆட்டம் காண்கின்றன. முக்கோணத்துக்கோ அந்தப் பலவீனம் இல்லை. பக்கங்களின் நீளம் மாறாமல் அதன் வடிவம் மாற இயலாது. சாய்ந்த கால்கள் இரண்டும் மேலே கைப்பிடியை ஒட்டிக் கூடி, இடையே இருக்கைச் சட்டத்தால் கட்டுண்டு நிற்பதனால், தடித்த கட்டைகளாலான இந்த ஆசனம் அரை நூற்றாண்டுக் காலம் குமாஸ்தாக்களின் பாரத்தைத் தாங்கியது. தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை கறையானையும் ஈரத்தையும் எளிதில் அண்டவிடாது என்பதும் இதற்குத் துணை.

பிரம்பு என்பது கொடியாகப் படரும் ஒருவகைப் பனையினம். அதன் வழவழப்பான மேல்தோலை மெல்லிய பட்டைகளாகச் சீவி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, சட்டத்தில் வரிசையாக இட்ட துளைகளின் வழியே நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு முறை செலுத்தினால், எண்கோணக் கண்களோடு கூடிய அந்தப் பழகிய பின்னல் உருவாகிறது. ஈரம் உலரும்போது பட்டை சுருங்கித் தானே விறைத்துக்கொள்கிறது. முதுகுக்கும் இருக்கைக்கும் காற்று தடையின்றி ஓடுவதால், சித்திரை வெயிலிலும் வியர்வை தங்குவதில்லை. பஞ்சும் தோலும் வைத்துத் தைத்த மேல்நாட்டு ஆசனம் நமக்குச் செய்யாத உபகாரம் இது.

இத்தனை சிறப்பும் உடைய சாமான்கள் பழுதுபட்டபோது, அரசாங்க வழக்கப்படி கழிவென்று கணக்கெழுதப்பட்டு, காயலான் கடைக்காரர்களுக்குச் சொற்ப விலையில் ஏலத்தில் போயின. பிரெஞ்சு வியாபாரிகள் சிலர் அவற்றைத் தேடி வாங்கிக் கப்பலேற்றி, மெருகிட்டு, செல்வந்தர் மாளிகைகளில் சேர்த்தார்கள். உள்துறை அமைச்சகம் 2011-ல் ஆணை பிறப்பித்து இவற்றை விற்கலாகாது என்று தடுப்பதற்குள் எத்தனையோ வெளியேறிவிட்டன. நூறாண்டு கடந்த பொருள்களையே பொதுவாகத் தொல்பொருள் எனக் கருதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நாற்காலிக்குக் காவலாகவில்லை.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியோ வேறு கதி கண்டது. அன்டோனின் ரேமண்ட் 1930-களில் வகுத்து, பிற்காலத்தில் அமெரிக்காவில் மரவேலைக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டிய அக்கட்டடத்துக்கென்றே செய்த தேக்குச் சாமான்கள் அங்கேயே பேணப்பட்டு உபயோகத்தில் இருக்கின்றன. நாற்காலியைக் கண்ணாடிக்குள் வைப்பதைவிட, அது எந்த இடத்துக்காகப் பிறந்ததோ அங்கே அதை உழைக்கவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் சேகரிக்கும் ஆசை உடையோர் விலைப்பட்டியலைப் படிக்குமுன் மரத்தைப் படிக்கப் பழக வேண்டும். சண்டிகர் நாற்காலிகள் பல பட்டறைகளில் பல கைகளால் ஆனவை. ஒன்றைப்போல் ஒன்று அச்சாக இராது. ஆதலால் அளவு பொருந்துவதைக் கொண்டு மட்டும் அசலென்று துணிய முடியாது. எந்தக் காரியாலயத்துக்கு உரியதென்று வண்ணத்தில் எழுதிய எழுத்தும் எண்ணும் பலவற்றில் உண்டு. போலி செய்வோர் முதலில் எழுதுவதும் அதையே. கைகள் நாள்தோறும் பட்ட இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறதா, தரை கழுவிய நீர் கால்நுனியில் கறையேற்றியிருக்கிறதா, எழுத்தின்மேல் மரத்துக்கு நிகரான முதுமை படிந்திருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பது அவசியம். எந்த ஏலத்தில், எந்த ஆண்டில் அரசாங்கத்தின் கையைவிட்டு வந்தது என்பதற்குப் பத்திரம் காட்ட இயலாதவரிடம் வாங்கலாகாது. அது பொதுச்சொத்தின் களவுக்குத் துணைபோவதாகவும் முடியலாம்.

பல்லாவரத்தில் அகப்படுவது பெயரற்ற ஒரு தச்சனின் நாற்காலியாகவே இருக்கட்டும். பழைய மெருகை உப்புக்காகிதம் கொண்டு உரித்தெடுக்காமல், ஈரத்துணியால் துடைத்து, ஆடும் கழுந்தைக் கழற்றிப் பசையிட்டு இறுக்கி, கிழிந்த பிரம்பைப் பிளாஸ்டிக் பட்டையால் மாற்றாமல் பின்னத் தெரிந்தவரைக் கொண்டு மறுபடி பின்னச் செய்யுங்கள். அடிச்சட்டத்தில் பழைய எண் ஏதும் இருந்தால் அதன்மேல் வார்னிஷ் பூச வேண்டாம்.