பிரேசர் ஃபிர் என்னும் மலைமரம்

கிறிஸ்துமஸ் காலத்தில் சவுக்குக் கிளையொன்றை வெட்டிவந்து, மண்தொட்டியில் ஊன்றி, அதில் தாள்நட்சத்திரங்களைத் தொங்கவிடுதல் நம்மவர் பலர் அறிந்த வழக்கமாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்விடத்தைப் பெறும் மரங்களுள் மிகவும் விரும்பப்படும் ஒன்று பிரேசர் ஃபிர் என்பது. தோட்டங்களிலே கோடிக்கணக்கில் தழைக்கும் இம்மரம், தான் பிறந்த மலைகளிலே அழியுந்தறுவாயிலுள்ள இனமாக எண்ணப்படுகின்றது. இவ்விந்தை எவ்வாறு நேர்ந்ததென்பதை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதன் தாயகம் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதி. வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா ஆகிய மூன்று நாடுகளின் உயர்ந்த சிகரங்களிலன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாய் வளர்வதில்லை. அங்கும் ஏறத்தாழ 5,500 அடிக்கு மேலேதான் செழித்திருக்கும். பனியூழிக் காலத்தில் தாழ்நிலங்களிலும் பரந்திருந்த குளிர்நாட்டு மரங்கள், வெப்பம் மிகுந்தபோது மலைமேல் ஏறி ஒதுங்கின என்பர் அறிஞர். அத்தொடரில் மிக உயர்ந்த மிச்சல் சிகரத்தின் உயரமே 6,684 அடிதான். அதற்குமேல் ஏற இம்மரத்துக்கு இடமில்லை.

ஸ்காத்லாந்து தேசத்தவரான ஜான் பிரேசர் என்பார் இம்மலைகளிற் செடி தேடித் திரிந்தவர். அவர் 1811-இல் இறந்தார்; 1814-இல் பர்ஷ் என்னும் தாவர நூலார் அவர் பெயரை இதற்கு இட்டார். மலைவாசிகளோ கல்வியாளரைக் கேளாமலே பெயரிட்டுவிட்டனர். பட்டையிலுள்ள கொப்புளங்களைக் குத்தினால் பால்போலப் பிசின் வடிதலின், இதனைப் ‘பெண் பால்சம்’ என்றும், அருகில் வளரும் செந்நிற ஸ்புரூஸ் மரத்தை ‘ஆண் பால்சம்’ என்றும் அழைத்தனர். பர்ஷ் இட்ட பெயரைவிட இதுவே நமக்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது.

இலைகள் தட்டையாய், முனை மழுங்கி, கையைக் குத்தாதிருக்கும். அடிப்புறத்தில் இரண்டு வெண்கோடுகள் ஓடும். காய்கள் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். அவை பைன்காய்போல முழுதாய் விழுவதில்லை. மரத்திலேயே செதில் செதிலாய் உதிர, நடுத்தண்டு மட்டும் எஞ்சும். வெட்டியபின்பும் நீர் ஊற்றிவந்தால் வாரக்கணக்கில் இலையுதிராமை, நறுமணம், அணிகளைத் தாங்கும் உறுதியான கிளைகள் ஆகிய இம்மூன்று குணங்களே இதனை வீட்டுக்கூடத்திற்கு அழைத்தன. வட கரோலினாவின் மலைச்சரிவுகளில் குடியானவர் இதனைப் பயிராகவே வைக்கின்றனர். ஆண்டுதோறும் கத்தரித்து உருவமைத்தாலும், விதையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்று மேல் வளரப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும். நெல்லறுக்கும் நம் உழவர் இப்பொறுமையை வியப்பர்!

இனி மலைமேல் நிகழ்ந்ததைக் கூறுவோம். அசுவினிக்கு உறவான ஒரு நுண்பூச்சி, 1900-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவிற் புகுந்தது. அதன் உடல் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிது, வெண்பஞ்சு போர்த்தியது. அங்குள்ளவை யாவும் பெண்களே. ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுகின்றன. பட்டைப் பிளவில் அலகைச் செருகிச் சாறுறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் மரத்தினுட் சென்று, நீரேற்றும் குழாய்களை அடைத்துவிடும். மரம் ஈரமலையில் நின்றே தாகத்தால் மடிகின்றது. ஐரோப்பிய ஃபிர் மரங்கள் நெடுங்காலம் இப்பூச்சியோடு பழகியவை. பிரேசர் ஃபிருக்கு அப்பழக்கமில்லை. 1957-இல் மிச்சல் சிகரத்தில் இது காணப்பட்டது. அதன்பின் சில பத்தாண்டுகளில் முதிர்ந்த மரங்களில் பெரும்பான்மை பட்டுப்போயின. சாம்பல்நிற அடிமரங்களே சிகரங்களை மூடி நின்றன. நிழல் போகவே, மரத்தடிப் பாசியில் மட்டும் வாழும் ஒரு சிறு சிலந்தியும் ஆபத்துக்குள்ளாகி, 1995-இல் அருகிவரும் உயிரினப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

தோட்டத்து மரத்துக்கு மருந்து தெளிக்க ஆளுண்டு. காட்டுமரம் ஒவ்வொன்றுக்கும் தெளித்தல் இயலாது. ஆயினும் குடியானவர் விதைக்கு ரோன் மலை முதலிய காட்டுச் சிகரங்களையே நெடுங்காலம் நாடிவந்தனர். ஆதலால் காடு கெடுவது தோட்டத்துக்கும் நட்டமாம்.

எனினும் இளமரத்தின் பட்டை வழவழப்பாயிருத்தலால் பூச்சிக்குப் பற்றுக்கோடு குறைவு. பட்ட மரங்களினடியில் கன்றுகள் அடர்ந்தெழுந்துள்ளன. அவை விதை தரத் தொடங்கப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதன்பின்னரே பட்டை கரடுமுரடாகிப் பூச்சிக்கு இடங்கொடுக்கும். அவ்விடைவெளியில் எத்துணை விதை மண்ணில் விழுமோ, அத்துணையளவே அச்சிகரங்களில் அடுத்த தலைமுறை.