முகம் வீங்கிய பிள்ளையும் வம்சப் பேச்சும்

மார்கழி மாசத்தில் ஒருநாள் காலை, ஆறு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். கூடவே மாமியார். பையனுக்குக் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது.

"ராத்திரி நல்லாத்தான் இருந்தான் டாக்டர். ஒண்ணுக்குப் போனா டிக்காஷன் கலர்ல வருது" என்றார் அம்மா. மாமியார் முந்திக்கொண்டார். "இவ அண்ணனுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் வந்துச்சாம். இவங்க வம்சத்துலயே கிட்னி கோளாறு இருக்கு. எங்க பக்கம் யாருக்கும் இல்லை." அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பையனின் முழங்காலைப் பார்த்தேன். ஆறிப்போன சிரங்குத் தழும்புகள். "இது எப்ப வந்தது?" என்றேன். "கார்த்திகை தீபத்தப்போ வந்து, அப்பவே ஆறிடுச்சே" என்றார்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சிரங்கிலும் தொண்டைப் புண்ணிலும் குடியேறுகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் சில ரகங்கள், புண் ஆறிய பிறகு சிறுநீரகத்தில் வேலையைக் காட்டும். கிருமி நேராக அங்கே போய் உட்காருவதில்லை. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருளும் கிருமியின் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு சிறுநீரகத்தில் இப்படிச் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. அவை அழன்று போனால் ரத்தம் சிறுநீரில் கசியும், உப்பும் நீரும் உடம்பில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். தொண்டை வலிக்குப் பின் என்றால் 10 நாள், 2 வாரம். சிரங்குக்குப் பின் என்றால் 3 வாரத்திலிருந்து 6 வாரம்கூட ஆகும். அதற்குள் வீட்டில் சிரங்கையே மறந்துவிடுவார்கள்.

சரி, ஒரே தெருவில் பத்துப் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் ஒன்றிரண்டுக்கு மட்டும் ஏன் சிறுநீரகம் பாதிக்கிறது? கிருமியின் ரகம் ஒரு காரணம். பிறவியில் வருகிற வாகு இன்னொன்று. நம் உடம்பு எதை எப்படி எதிர்க்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் எச்.எல்.ஏ. என்கிற மரபணுத் தொகுதிக்குப் பெரிய பங்கு. அதில் சில வகைகள் இந்த நோய் கண்டவர்களிடம் கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எல்லா நாட்டிலும் ஒரே வகை இல்லை. இதுதான் என்று கை காட்ட ஒற்றை மரபணுவும் கிடையாது. வெனிசுவேலாவில் நோய் கண்ட பிள்ளைகளின் உடன்பிறப்புகளைத் தொடர்ந்து கவனித்து 1981-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 100-க்குச் சுமார் 38 பேருக்கு இதே நோய் இருந்தது. பலருக்கு வெளியே ஒரு அடையாளமும் இல்லை. ஒரே பாயில் படுத்து ஒரே துண்டில் துடைப்பதால் கிருமி பரவுவதும் இதில் சேர்ந்தே இருக்கிறது. வம்சத்தில் வருவது வாகு மட்டும்தான். கிருமி வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

பையனுக்கு ரத்த அழுத்தம் அதிகம் இருந்ததால் அன்றைக்கே குழந்தைகள் மருத்துவரிடம் அனுப்பிவிட்டேன். அழுத்தம் எகிறினால் வலிப்பு வரும். மாமியார் அதற்குள் நெருஞ்சில் கஷாயம் காய்ச்சி வைத்திருந்தார், இளநீரும் வாங்கியிருந்தார். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், இந்த நிலையில் இரண்டும் வேண்டாம். சிறுநீர் குறைந்திருக்கும்போது இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பழச்சாறு கொடுத்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தைப் பாதிக்கும். நீர் பெருக்கும் மூலிகை எல்லா வீக்கத்துக்கும் பொதுவானது என்று நினைத்து வீட்டிலேயே கொடுத்து, நாள் கடந்தபின் என்னிடம் வந்தவர்கள் உண்டு. உப்பைக் குறைத்து, தண்ணீரை டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும் கொடுங்கள். பென்சிலின் கொடுத்தால் சிறுநீரக அழற்சி சீக்கிரம் ஆறிவிடாது; மிச்சமிருக்கும் கிருமியை அழித்து, மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாமல் தடுக்கத்தான் அது.

பயப்படாதீங்க, 100 பிள்ளைகளில் 90-க்கு மேல் முழுசாகத் தேறிவிடும். ரத்தத்தில் சி3 என்ற புரதம் இந்த நோயில் இறங்கும், 6 முதல் 8 வாரத்தில் சரியாகும். அப்படி ஏறாவிட்டாலோ, சிறுநீரில் புரதம் போவது நிற்காவிட்டாலோ, குடும்பத்தில் சின்ன வயசிலேயே காது மந்தமும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்தாலோதான் உண்மையான பரம்பரைக் கோளாறைத் தேட வேண்டும். அந்தத் தாய்மாமனுக்கு இப்போது நாற்பது வயசு, திடமாக இருக்கிறார்.

வீட்டில் ஓடியாடிக்கொண்டிருந்த எட்டு வயசு அக்காவின் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னேன். அவளுக்கும் காலில் சிரங்குத் தழும்பு. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்த அணுக்கள் இருந்தன. "பார்த்தீங்களா, வம்சம்தான்" என்றார் மாமியார். "எச்.எல்.ஏ.யில் ஒரு பாதி உங்க மகன் கொடுத்ததும்மா" என்றேன். பிறகு வீட்டில் எல்லாருக்கும் தனித்தனித் துண்டு, சிரங்குக்கு உடனே மருந்து, பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம், சிறுநீர் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தேன்.