திரை கருத்தால் குற்றம் யாருடையது: லினக்ஸா, உப்புக்காற்றா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்கள் ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கியது அது. கிடைத்தவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது பார்க்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. பத்து ஆண்டு பழைய லேப்டாப்புக்கு அது நடக்காது. பணம் செலவில்லாத வழி லினக்ஸ்தான். ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2003இல் புனேயில் பேசுகையில் இந்தியா திறந்த மூல மென்பொருள் பக்கம் போக வேண்டும் என்று சொன்னார். பில் கேட்ஸோடு இதைப் பேசியபோது இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்பதையும் அதே உரையில் மறைக்காமல் குறிப்பிட்டார்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. ரேம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2 ஜிபிதான் என்றால் எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது லுபுண்டு. அதன் நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுதிக்கொள்ள வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. லேப்டாப்பை ஆன் செய்ததும் லெனோவோ, ஏசர், டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையை விடாமல் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில ஏசர்களில் இதை முதலில் பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் இயக்கிவிட வேண்டும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் லினக்ஸ் அப்படியே ஓடும். ‘லைவ்’ என்று சொல்வது இதைத்தான். ‘டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு’ என்பதை அழுத்துவது பிறகு. அதற்கு முன் படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.

லைவை வெறும் முன்னோட்டமாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. இந்தக் கடற்கரையில் அதுதான் முதல் பரிசோதனைக் கருவி. ஏனென்றால், இங்கே ஒரு லேப்டாப் திரை கருத்துப்போக இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, லினக்ஸுக்கும் திரைச் சிப்புக்கும் ஒத்துப்போகாதது. மற்றொன்று, காற்று.

காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உலோகத் துண்டுகளைத் திறந்த வெளியில் வைத்து அரிப்பை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கும் உப்பைத் தாங்கும் தனி வகைப் பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலத்தைத் தின்னும் அதே காற்றைத்தான் லேப்டாப்பின் விசிறி உள்ளே இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உலர்ந்து கிடக்கும் உப்புத்தூள் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். செம்புத் தடங்களில் பச்சையாகக் களிம்பு ஏறும். ரேம், திரை கேபிள் ஆகியவற்றின் இணைப்பு முனைகளில் மெல்லிய படலம் படியும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: கோளாறு எந்த இடத்தில் தொடங்குகிறது? லேப்டாப்பை ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். அங்கே இயங்குதளம் எதுவும் இன்னும் ஏறியிருக்காது. அந்தத் திரையிலேயே கோடு விழுகிறது, நிறம் திரிகிறது, மூடியை அசைத்தால் மாறுகிறது என்றால் கேபிள் அல்லது பேனல் போய்விட்டது. லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. பயாஸ் பளிச்சென்று தெரிந்து, லினக்ஸ் ஏறும்போது மட்டும் கருத்தால் அது டிரைவர் சிக்கல்.

அதற்கு மருந்து எளிது. லைவ் பட்டியலில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பட்டியல் தெரியும்போது ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோ மோட் செட்’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடித்து எஃப்10 தட்டுங்கள். திரைச் சிப்பின் முழுத் திறனையும் எழுப்பாமல், அடிப்படைக் காட்சியோடு நிறுத்திக்கொள் என்று கட்டளையிடுகிறோம். எழுத்து பெரிதாகத் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஆனால் நிறுவி முடித்துவிடலாம். பிறகு முழுமையாகப் புதுப்பித்து, என்விடியா சிப் இருந்தால் டிரைவர் மேனேஜரில் அதற்கானதை நிறுவிவிட்டு அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். அதை நிரந்தரமாக விட்டுவிட்டு ‘லினக்ஸ் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் நிறைய.

திரை கருப்பு, ஆனால் பாட்டுச் சத்தம் கேட்கிறதா? இருட்டில் டார்ச்சைத் திரைமீது சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்வெளிச்சம் மட்டும்தான் எரியவில்லை. பயாஸிலும் அப்படியே இருந்தால் வன்பொருள் கோளாறு. டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் படம் அதில் வரும். உடனடி வேலை நிற்காது.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, பயாஸ்கூட வரவில்லை என்றால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, ரேமை எடுத்துப் பாருங்கள். கடைகளில் அழிரப்பரால் தேய்ப்பார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அழுத்தித் தேய்த்தால் மேலே உள்ள மெல்லிய தங்கப்பூச்சு போய்விடும், அப்புறம் உப்புக்கு வழி இன்னும் சுலபம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைப்பது நல்லது.

வைஃபை வராவிட்டால் பதற வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் கிடைக்கும். தேவையான டிரைவரை அதிலேயே இறக்கிக்கொள்ளலாம். தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குத் திரும்பி, இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள காசு அளவுப் பேட்டரி தீர்ந்திருக்கும்.

சர்வீஸ் கடைக்குப் போகும்போது ‘லினக்ஸ் போட்டதால்தான் இப்படி, விண்டோஸ் ஏற்றிவிடலாம்’ என்பார்கள். பயாஸ் திரையைத் திறந்து கோட்டைக் காட்டிவிட்டு, கேபிளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.