வாசலின்: பித்தவெடிப்புக்கு ஆகும், சேற்றுப்புண்ணுக்கு ஆகாது

என்ன பொருள், என்ன வேலை

பெட்ரோலியம் ஜெல்லி கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மெழுகும் எண்ணெயும் கலந்த பசை. அமெரிக்கரான ராபர்ட் செஸ்பரோ 1872இல் இதற்குக் காப்புரிமை பெற்று ‘வாசலின்’ என்ற பெயரில் விற்றார். இது தோலுக்கு ஈரம் தருவதில்லை. ஏற்கெனவே உள்ள ஈரம் ஆவியாகாமல் தடுக்கிறது. ஆகவே காய்ந்த தோலில் பூசுவதைவிட, குளித்து ஒற்றித் துடைத்த சில நிமிடங்களுக்குள் பூசினால் பலன் அதிகம்.

எதற்கு உதவும்

நெல், கரும்பு, மணிலா விளையும் செஞ்சி வட்டாரத்தில் வெறுங்காலோடு வயலில் இறங்குவோருக்குப் பித்தவெடிப்பு வழக்கமான தொல்லை. இரவில் கால்களை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் வாசலின் தடவிப் பருத்திக் காலுறை அணியலாம். பிளேடால் சீவக் கூடாது. மார்கழி, தைப் பனியில் வெடிக்கும் உதடு, குழந்தைகளுக்கு அணையாடை உராயும் இடம், சோப்பு போட்டுக் கழுவிய சிறு சிராய்ப்பு ஆகியவற்றுக்கும் இது ஏற்றது.

எதற்கு ஆகாது

நடவு, களையெடுப்புக் காலத்தில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் ஈரத்தால் வளர்வது. அங்கே வாசலின் தடவினால் ஈரம் தங்கிப் புண் மோசமாகும். இடுக்கைத் துடைத்து உலர்த்தி, பூஞ்சைக்கான களிம்பு இட வேண்டும். படர்தாமரையையும் வாசலின் குணப்படுத்தாது. கோடையில் உடம்பில் தடித்துப் பூசினால் வியர்வை வழி அடைபட்டு வேர்க்குரு கூடும். தீக்காயம் பட்டவுடன் வாசலின், பற்பசை எதையும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சீழ் வைத்த புண்ணுக்கும் இது மருந்தல்ல. மூக்கினுள் நெடுங்காலம் தடவினால் சிறிதளவு நுரையீரலுக்குள் போய் அழற்சி உண்டாக்கலாம். ரப்பர் ஆணுறையை இது பலவீனமாக்கும்.

வாங்குவதும் வைப்பதும்

நன்கு சுத்திகரித்த, வாசனை சேர்க்காத வெள்ளை வகையே நல்லது. டப்பாவில் கழுவாத விரலை விடக் கூடாது. வாசலின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகே கவனம் தேவை.

மருத்துவரிடம் எப்போது

வெடிப்பில் இரத்தமோ சீழோ வந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தோரும் சிறு வெடிப்பையும் வீட்டு வைத்தியத்தில் விடாமல் உடனே செஞ்சி அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுவது பாதுகாப்பு.