விறகடுப்பில் நான்ஸ்டிக் வேண்டாம்; எந்த அடுப்பானாலும் பில் வேண்டும்

சம்பள வாரத்தில் பதுளைக் கடைவீதியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பசறை பஸ்ஸிலும் ஹாலி-எல பஸ்ஸிலும் ஏறுகிற பெண்களில் யாராவது ஒருவர் கையில் சட்டிப் படம் போட்ட அட்டைப்பெட்டி இருக்கும். டவுனுக்கு வர முடியாதவர்களைத் தேடித் தோட்டத்துக்கே வேன் போகிறது; தவணைக்கும் கொடுக்கிறார்கள். கிரானைட், மார்பிள், செரமிக், ஆயுசு முழுக்க ஒட்டாது என்று வாய் ஓயாத விளம்பரம். இரண்டு மாதம் கழித்து அதே சட்டியைப் பீலிக்கரையில் பார்க்கலாம். சாம்பலும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்ததில் பூச்சு உரிந்து, நடுவில் அலுமினியம் பல்லிளிக்கும். கைப்பிடி பாதி கருகியிருக்கும். பில் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் யாரு வச்சிருக்கா?" என்பார்கள். பெட்டியை அன்றைக்கே அடுப்புப் பற்றவைக்கப் போட்டிருப்பார்கள்.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு நான்ஸ்டிக் செட் என்பது பல நாள் பறித்த கொழுந்து. அவ்வளவு காசைக் கொடுத்துவிட்டு, போனால் போகிறது என்று சட்டியை மூலையில் வீசுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. விற்றவன் மேல் பாதி, வாங்கியவர் மேல் பாதி.

முதலில் பெட்டியில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். டெஃப்லான் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டுபிடித்த பிளாஸ்டிக் வகை அது. கடையில் கிரானைட், மார்பிள், ஸ்டோன் என்ற பெயரில் புள்ளி புள்ளியாக இருக்கும் சட்டிகளில் பெரும்பாலானவை இதே பூச்சில் புள்ளி தூவியவை. கருங்கல்லுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. 'ஹார்ட் அனோடைஸ்ட்' என்பது அலுமினியத்தின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை. அது மட்டும் இருந்தால் ரொட்டி ஒட்டும், ஆகவே அதன் மேலும் வழக்கமாக இதே பூச்சுதான். செரமிக் என்பது மட்டும் வேறு சாதி. மணலில் உள்ள சிலிக்காவை மூலமாகக் கொண்ட கரைசலைப் பூசிச் சூட்டில் இறுக்கியது. அதில் டெஃப்லான் இல்லை, சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒட்டாத தன்மை சீக்கிரம் போய்விடும். பெருந்தீயில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று பச்சை இலைப் படத்தோடு அச்சடித்திருப்பதைக் காட்டித்தான் கடைக்காரர்கள் அதிகமாக ஏமாற்றுகிறார்கள். பி.எஃப்.ஓ.ஏ. என்பது முன்பு டெஃப்லான் தயாரிக்கும்போது துணைக்குச் சேர்த்த இரசாயனம். 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2023 கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று அதை முதலாம் பிரிவில் வைத்தது. அது இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த வாசகத்தால் சட்டியில் டெஃப்லான் இல்லை என்றாகாது. எவ்வளவு சூட்டிலும் வைக்கலாம் என்றும் ஆகாது. டெஃப்லானும் பி.எஃப்.ஓ.ஏ.வும் அடங்கிய இரசாயனக் குடும்பத்தையே சந்தேகித்து, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் அந்தக் குடும்ப இரசாயனங்களைச் சேர்த்த சமையல் பாத்திரங்களின் விற்பனையைத் தடை செய்துவிட்டது. இங்கே அந்தப் பேச்சே இல்லை.

நம் மலைக்கு எந்தப் பூச்சு பொருந்தும் என்பதை அடுப்புதான் தீர்மானிக்கிறது. டெஃப்லான் பூச்சு ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் நச்சுப்புகை நன்றாகவே வரும். கேஸ் அடுப்பில் வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்தாலே சில நிமிடங்களில் 260ஐத் தொட்டுவிடும். விறகடுப்புத் தணலின் சூடு 600 பாகைக்கு மேல். அதைக் குறைக்கத் திருகு கிடையாது. அதிலும் நம் வீடுகளில் சட்டி அதிகமாக உழைப்பது கோதுமைமா ரொட்டிக்கு. எண்ணெயோ தண்ணீரோ இல்லாமல் காய்ந்த சட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக ரொட்டி சுடுவோம். டெஃப்லான் சட்டிக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது.

அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர் நடுக்கம், நெஞ்சு இறுக்கம், இருமல் வரலாம். இதை மருத்துவ உலகம் 1951இலிருந்தே அறியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். அதனாலேயே தடிமன் காய்ச்சல் என்று பனடோலோடு முடித்துவிடுகிறோம். அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்துக் குளிரில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு லயத்துக் காம்பராவுக்குள் சமைப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை இருக்கும் வீடு இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. கூட்டில் கிளியோ லவ்பேர்ட்ஸோ வைத்திருந்தால் அவை செத்தே போகும். பறவைகளின் நுரையீரல் இந்தப் புகையைத் தாங்காது. சட்டி கருகிப் புகைந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 1990க்கு அழைத்து, எந்தச் சட்டி, எவ்வளவு நேரம் புகைந்தது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வெறும் காய்ச்சலுக்குத்தான் மருந்து கிடைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. விறகடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு டெஃப்லானும் வேண்டாம், கிரானைட்டும் வேண்டாம், செரமிக்கும் வேண்டாம். இரும்பு ரொட்டிக்கல் போதும். புதிதாக வாங்கியதைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்துச் சில தடவை பழக்கினால் அதுவே ஒட்டாது. புளி போட்ட கறிக்கு மண்சட்டி இருக்கிறது. இரும்புச் சட்டியில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச் சத்தும் சேரும். இரத்தசோகையோடு மலை ஏறுகிற நம் பெண்களுக்கு அது நட்டமில்லை. கேஸ் அடுப்பு உள்ளவர்கள் முட்டைக்கும் தோசைக்கும் டெஃப்லான் வைத்துக்கொள்ளலாம். நடுத்தரத் தீ, மரக்கரண்டி, மென்மையான பஞ்சு. எண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பை மூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் புகைய ஆரம்பித்தால் தீயைக் குறைக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டெஃப்லானே வேண்டாம் என்பவர் செரமிக் வாங்கலாம். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்து வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போகாதீர்கள்.

உரிந்த துண்டு வயிற்றுக்குள் போனால் புற்றுநோய் வருமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அந்தத் துண்டு செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும் என்பதே நிபுணர்களின் கருத்து. கவலைப்பட வேண்டியது அதன் அடியில் இருக்கும் உலோகத்தைப் பற்றி. புளி, தக்காளி, கொறுக்காய் போன்றவை வெறும் அலுமினியத்தைக் கரைக்கும். கண்ட பழைய உலோகத்தையும் சேர்த்து உருக்கி வார்த்த மலிவுச் சட்டியாக இருந்தால் ஈயமும் கலந்திருக்கலாம். இந்திய உற்பத்திச் சமையல் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் கசிகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பூச்சு போன சட்டியைச் சாதாரணச் சட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் வேண்டாம்.

இனி முறைப்பாட்டு வழி. இந்தப் பகுதியையாவது வெட்டி எடுத்து வையுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதன் 28ஆம் பிரிவின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள். கேட்காமல் வந்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பில்லில் திகதி, சட்டியின் பெயர், எண்ணிக்கை, விலை இருக்க வேண்டும். கடையின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, கேரண்டி எத்தனை மாதம் என்று அதிலேயே எழுதிக் கேளுங்கள். வேனில் வருகிறவரிடம் துண்டுச் சீட்டாவது எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வேன் இலக்கத்தையும் அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, விலை இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். பில்லையும் பெட்டியையும் கைபேசியில் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், மை அழிந்துபோகும்.

சட்டத்தின் 13ஆம் பிரிவுதான் உங்கள் ஆயுதம். கொடுத்த கேரண்டிக்குப் பொருந்தாத பொருளை விற்றால் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். கேரண்டி எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குறிப்பால் கொடுத்ததும் கேரண்டிதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பூச்சு உரிந்த நாளிலிருந்தோ, கடைசித் தவணை கட்டிய நாளிலிருந்தோ கணக்குப் போடாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து 3 மாதம். தீபாவளிக்கு வாங்கியதைச் சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு தூக்கிக்கொண்டு போனால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

பூச்சு உரிந்த உடனே சட்டியை மேலும் தேய்க்காமல் எடுத்து வையுங்கள். முதலில் கடைக்குப் போய்க் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கடைக்காரர் மாற்றித் தராவிட்டால் அவர் சொன்ன பதிலையும் திகதியையும் எழுதிக்கொள்ளுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டினால் வாதாட வேண்டாம். அந்தப் பலகையால் 13ஆம் பிரிவு இல்லாமல் போய்விடாது. பிறகு கடிதம். உங்கள் பெயர், கடையின் பெயர் முகவரி, வாங்கிய திகதி, கொடுத்த விலை, விற்றவர் சொன்ன உறுதி, என்ன நடந்தது, என்ன வேண்டும் — காசா, மாற்றுச் சட்டியா, நட்டஈடா — இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். பில்லின் போட்டோப் பிரதியையும் சட்டியின் படத்தையும் இணையுங்கள். மூலப் பில்லை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பதுளைக் கச்சேரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் எங்கே என்று கேட்டு நேரில் கொடுத்து, பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். மொனராகலைக்காரர்களுக்கு மொனராகலைக் கச்சேரி. நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால். பதிவுத் தபால் துண்டையும் பில்லோடு சேர்த்து வையுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் போன் செய்தாயிற்று என்று உட்கார்ந்துவிடாதீர்கள், சட்டம் கேட்பது எழுத்து.

முகவரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லயத்துக்குத் தபால் நேராக வருவதில்லை. தோட்ட ஒபிசில் கிடந்து, விசாரணைத் திகதி முடிந்த பிறகு கைக்கு வரும். ஆகவே பள்ளிக்கூட ஆசிரியர், டவுன் கடை, கோயில் என்று நம்பகமான ஒரு முகவரியை அவர்கள் சம்மதத்தோடு கொடுங்கள். கைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்று தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று எவராவது திருப்பி அனுப்பினால், அவர் பெயரையும் பதவியையும் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். பல அலுவலகங்களில் இந்தத் திருப்பி அனுப்பும் பழக்கம் நாம் பேசாமல் திரும்பி வருவதால்தான் வாழ்கிறது.

விசாரணையில் கடைக்காரரின் பக்கமும் கேட்பார்கள். உறுதிக்கு மாறான பொருள் என்று கண்டால் காசைத் திருப்பவோ, சட்டியை மாற்றவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடும். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விறகடுப்பில் வைக்காதே, இரும்புக் கரண்டி போடாதே என்று பெட்டியில் எழுதியிருக்க, நீங்கள் இரண்டையும் செய்திருந்தால் உங்கள் வழக்கு நிற்காது. பொய் சொல்லவும் முயலாதீர்கள். கருகிய கைப்பிடியே சாட்சி சொல்லிவிடும். ஆனால் தோட்டத்துக்கே வேனில் வந்து, விறகடுப்புக்கும் நல்லது என்று சொல்லி விற்றிருந்தால் விசயம் வேறு. அது பொய்யான உறுதி. சட்டத்தின் 30ஆம் 31ஆம் பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். கேட்ட பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் சேருங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அரிசி விலைக்கும் தண்ணீர்ப் போத்தல் விலைக்கும் கடை கடையாகச் சோதனை போடுகிறீர்கள். சம்பள வாரத்தில் ஒரு தடவை பசறை, லுணுகலைத் தோட்டப் பாதைகளில் ஏறி, அந்த வேன்களை நிறுத்தி, பில் புத்தகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

தோட்டத் தலைவர்மாரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றுதான். மாதாமாதம் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தா போகிறது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலை, கோயில் மண்டபத்திலோ பிள்ளைமடுவத்திலோ உட்கார்ந்து, பில்லோடு வருகிறவர்களுக்கு இந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள்.