ஒரு கணினியும் பல கைப்பேசிகளும்
செயலிகளை ஒருமிக்க நிறுவும் முறையும் சங்கத்தின் கடமையும்

நம் சங்கங்களின் அங்கத்தினரில் கைப்பேசி இல்லாதார் இன்று மிகச் சிலரே. மழை வருமா என்று அறிவதும், சந்தையில் விலை என்னவென்று பார்ப்பதும், கூலியையும் கிரயத்தையும் பெறுவதும் பெரும்பாலும் அதன் வழியே நடைபெறுகின்றன. தமிழ்நாடு அரசு 2018இல் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் மானியம், பயிர்க் காப்பீடு, விளைபொருள் விலை முதலிய விவரங்கள் உள. 2019இல் வெளிவந்த ‘மேகதூத்’ வானிலையை ஒட்டிய பயிர் ஆலோசனை கூறுகிறது. ‘தாமினி’ மின்னல் குறித்து எச்சரிக்கிறது. 2016 டிசம்பர் 30இல் தொடங்கிய ‘பீம்’ பணம் செலுத்தவும் பெறவும் உதவுகிறது. வயலில் நிற்கும் விவசாயிக்கு மட்டுமன்றி, தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும் நெசவாளிக்கும் மழைக் குறிப்பு இன்றியமையாதது.

எனினும் இச்செயலிகளைத் தேடிப் பெறுவதில் அங்கத்தினர் படும் சிரமம் சிறிதன்று. ஒரே பெயரை ஒத்த பல செயலிகள் கண்ணில் படுகின்றன. எது உண்மையானது என்று அறிவது எளிதாயில்லை. ஆகவே சங்க அலுவலகத்தில் ஒரு நாளைக் குறித்து, அங்குள்ள கணினியிலிருந்தே எல்லோருடைய கைப்பேசியிலும் வேண்டிய செயலிகளை ஒருமிக்க நிறுவிவிடலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூனில் அங்கீகரித்தது. கணினி சங்கத்தின் வாயிலுக்கு வந்துவிட்ட காலத்தில் இந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நன்மை யாது, தீங்கு யாது என்பவற்றை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் நன்மையைக் கணக்கிடுவோம். 40 அங்கத்தினர், ஆளுக்கு 4 செயலிகள், ஒவ்வொரு செயலியும் 50 எம்.பி. அளவு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இறக்கினால் 8,000 எம்.பி. இணையம் செலவாகும். கணினியில் ஒரு முறை இறக்கிவைத்துக் கேபிள் வழியே ஏற்றினால் 200 எம்.பி. போதும். அலைவரிசை மெலிந்த ஊர்களில் இந்த வேறுபாடு பெரிது.

பொதியும் முத்திரையும்

நம்மிடையே மிகுதியாகப் புழங்குபவை ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசிகள். இவ்வகையில் முதலாவது 2008இல் விற்பனைக்கு வந்தது. இவற்றுக்குரிய செயலி ஒவ்வொன்றும் ‘ஏ.பி.கே.’ எனப்படும் ஒரு பொதியாக வருகிறது. செயலியின் நிரல், படங்கள், தனக்கு எந்த எந்த அனுமதிகள் வேண்டும் என்று அது கூறும் பட்டியல் ஆகிய யாவும் அப்பொதிக்குள் அடங்கும். பொதியின்மேல் அதைச் செய்தவரது கணினி முத்திரை உண்டு. முன்னரே நிறுவிய செயலியின்மீது புதிய பதிப்பு ஏறவேண்டுமாயின் முத்திரை ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் கைப்பேசி மறுத்துவிடும். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. புதிதாக நுழையும் போலிச் செயலிக்கும் ஏதோ ஒரு முத்திரை இருக்கவே செய்யும். முத்திரை உண்டா என்பதன்று கேள்வி. யாருடைய முத்திரை என்பதே கேள்வி.

கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே பாலம்

கூகிள் நிறுவனம் செயலி ஆக்குவோருக்காக இலவசமாக வழங்கும் கருவிகளுள் ‘ஏ.டி.பி.’ என்பது ஒன்று. கணினியில் இடும் கட்டளையைக் கைப்பேசிக்குக் கொண்டு செல்லும் பாலம் அது. அதைக் கூகிளின் சொந்தத் தளத்திலிருந்தே பெறவேண்டும்.

கைப்பேசியின் அமைப்புகளில் ‘பில்டு நம்பர்’ என்னும் வரியை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர்’ விருப்பங்கள் திறக்கும். அதனுள் ‘யு.எஸ்.பி. டீபக்கிங்’ என்பதை இயக்கிக் கேபிளால் கணினியுடன் இணைக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்களும் உண்டு. அவற்றால் இவ்வேலை நடவாது. சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் கேபிள் வழி நிறுவுவதற்குத் தனியாக மற்றோர் அனுமதியும் தரவேண்டியிருக்கும். இணைத்தவுடன், இந்தக் கணினியை நம்பலாமா என்று கைப்பேசி கேட்கும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2 முதற்கொண்டு இக்கேள்வி உண்டு. அதற்கு விடையளிக்க வேண்டியவர் கைப்பேசிக்கு உரியவரே. சங்கச் சிப்பந்தி அன்று.

‘ஏ.டி.பி. டிவைசஸ்’ என்னும் கட்டளை இணைந்துள்ள கைப்பேசிகளின் வரிசை எண்களைக் காட்டும். ‘ஏ.டி.பி. இன்ஸ்டால்’ என்று இட்டுப் பொதியின் பெயரையும் எழுதினால் அச்செயலி நிறுவப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட கைப்பேசிகள் இணைந்திருப்பின் எதில் ஏற்றுவது என்று வரிசை எண்ணால் குறிப்பிட வேண்டும். இல்லையேல் கட்டளை நின்றுவிடும். ஒரு கோப்புறையில் உள்ள பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுவுமாறு ஓரிரு வரிகளில் நிரல் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்தடுத்து இணைக்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அதுவே வேலையை முடித்துவிடும்.

பெயரால் நேரும் மயக்கம்

‘இன்ஸ்டால் மல்டிபிள்’ என்னும் ஒரு கட்டளை உண்டு. பல செயலிகளை ஒருசேர நிறுவுவது இதுவே என்று பலரும் கருதுவர். உண்மையில் அது ஒரே செயலியின் பல துண்டுகளைச் சேர்த்து நிறுவுவதற்கானது. பல செயலிகளை ஒருமிக்க ஏற்றும் கட்டளை ‘இன்ஸ்டால் மல்டி பேக்கேஜ்’ என்பது. ஆண்ட்ராய்டு 10 முதல் இது இயங்கும். கொடுத்த பொதிகளில் ஒன்று தவறினும் எதையுமே அது நிறுவாது.

செயலி துண்டுகளாக வருவது ஏன்? 2021 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரில் வெளியாகும் புதிய செயலிகள் ‘ஆப் பண்டில்’ என்னும் முறையில் தரப்படவேண்டும் என்று கூகிள் விதித்தது. இதன்படி ஒவ்வொரு கைப்பேசியின் திரை, செயலகம், மொழி ஆகியவற்றுக்கு ஏற்ற துண்டுகள் மட்டுமே அதற்கு அனுப்பப்படும். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மற்றவருக்குப் பொருந்தாமற் போவதுபோல, ஒரு கைப்பேசியிலிருந்து படியெடுத்த பொதி வேறொன்றில் இயங்காமற் போதல் கூடும். ஒருவரிடம் உள்ளதைப் படியெடுத்து ஊருக்கெல்லாம் ஏற்றிவிடலாம் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பொதியை எங்கே பெறுவது?

இவ்வேலையின் உயிர்நாடி இதுவே. சங்கமே ஒருவரைக் கொண்டு செய்வித்த கூலிக் கணக்குச் செயலி போன்றவற்றின் பொதியைச் செய்தவரிடமிருந்து நேரே பெறலாம். தம் தளத்தில் பொதியை வெளியிடுவோர் சிலர் அதனுடன் 64 எழுத்துகள் கொண்ட சரிபார்ப்பு எண் ஒன்றையும் தருவர். இறக்கிய பொதியின் எண்ணைக் கணினியால் கணித்து இரண்டும் ஒத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். பிளே ஸ்டோரில் மட்டுமே கிடைக்கும் செயலிகளை, சங்கத்தின் வைஃபை வழியே, அங்கத்தினர் தம் கைப்பேசியிலேயே பிளே ஸ்டோரைத் திறந்து பெறுவதே முறை. இணையச் செலவு சற்றுக் கூடினும் பாதகமில்லை. அதற்காக அங்கத்தினரின் கூகிள் கணக்கையும் கடவுச்சொல்லையும் சங்கக் கணினியில் இடச்சொல்வது தகாது.

வாட்ஸ்ஆப்பில் வந்த பொதியை ஒருபோதும் ஏற்றலாகாது. பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயராலும், வாகன அபராதச் சீட்டின் பெயராலும், திருமண அழைப்பிதழின் பெயராலும் போலிப் பொதிகளை அனுப்பிப் பணத்தைக் கவர்ந்த மோசடிகள் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளன. தனி மனிதர் ஒருவர் ஏமாந்தால் ஒரு வீட்டுக்கு நஷ்டம். சங்கக் கணினியில் ஒரு போலிப் பொதி புகுந்தால், அன்று வரிசையில் நின்ற 40 வீடுகளுக்கும் நஷ்டம். கூட்டாகச் செய்யும்போது நன்மை பெருகுவதுபோலவே தவறும் பெருகும்.

அனுமதி யாருடையது?

நிறுவும் கட்டளையோடு ‘ஜி’ என்னும் ஓர் ஆங்கில எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தால், செயலி கோரும் அனுமதிகள் யாவும் கேளாமலே வழங்கப்பட்டுவிடும். தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், ஒலிவாங்கி, இருக்குமிடம் ஆகியவற்றை அணுகலாமா என்று அங்கத்தினரைக் கேட்கும் கேள்விகளே எழா. வேலை விரைந்து முடியும் என்பது மெய்யே. ஆயினும் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண் அந்தக் குறுஞ்செய்திப் பெட்டியில்தான் வந்து விழுகிறது. அங்கத்தினர் இல்லாத நேரத்தில் அவருடைய வீட்டுக் கதவுகளையெல்லாம் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும் இச்செயல். ஆகவே அவ்வெழுத்தைச் சங்கம் பயன்படுத்தவே கூடாது. அனுமதி கேட்கும்போது சிப்பந்தி விளக்கிச் சொல்லட்டும். விரலை வைப்பவர் அங்கத்தினராகவே இருக்கட்டும்.

செயலி நிறுவுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ சிறிதும் தேவையில்லை. அவற்றை யாரேனும் கேட்பின் கைப்பேசியை உடனே திரும்பப் பெற்றுக்கொள்க. பணம் பறிபோனது தெரிந்தால் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

வேலை முடிந்த பின்

‘யு.எஸ்.பி. டீபக்கிங்’ வசதியை நிறுத்தி, கணினிக்கு அளித்த நம்பிக்கையையும் அதே பக்கத்தில் ரத்து செய்து, டெவலப்பர் விருப்பங்களை மூடிய பின்னரே கைப்பேசியைக் கையில் தரவேண்டும். இது பாதுகாப்புக்கு மட்டுமன்று. அவ்விருப்பங்கள் திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். அங்கத்தினர் வீடு சென்று பணம் அனுப்ப முயன்று, முடியாமற் போனால், அவர் சங்கத்தைக் குறை கூறுவது நியாயமே. பேரேட்டுக் கணக்கு உள்ள கணினியில் ஊரார் கைப்பேசிகளை இணைப்பதும் நன்றன்று. இதற்கு வேறொரு கணினியை ஒதுக்குதல் சிறப்பு.

சங்கத்தின் சொத்தும் அங்கத்தினரின் சொத்தும்

கொள்முதல் சிப்பந்திகளுக்காகச் சங்கமே வாங்கிய கைப்பேசிகளுக்கு வேறு முறை உண்டு. புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் முதல் திரையை ஆறு முறை தட்டி, ஒரு கியூ.ஆர். குறியைக் காட்டினால், அது சங்கத்தின் நிர்வாகத்துக்கு உட்பட்டுவிடும். பின்னர் கணினியில் இருந்தபடியே அத்தனை கைப்பேசிகளிலும் செயலிகளை ஏற்றலாம், நீக்கலாம், தொலைந்துபோனதை முற்றிலும் அழிக்கவும் செய்யலாம். ஆப்பிள் கைப்பேசிகளுக்கு அந்நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘கான்ஃபிகரேட்டர்’ இத்தகைய வேலைக்கு உதவும். இந்த அதிகாரம் சங்கத்தின் சொத்தின்மேல் செல்லும். அங்கத்தினரின் சொந்தக் கைப்பேசியின்மேல் செல்லலாகாது.

முடிவாகச் சில யோசனைகள். எந்தச் செயலிகள், எங்கிருந்து, யார் பொறுப்பில் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. வேண்டாம் என்பவருக்கு ஏற்றற்க. எந்தத் தேதியில் எந்தக் கைப்பேசியில் எவை ஏறின என்பதை ஒரு பதிவேட்டில் குறித்து, உரியவரின் கையொப்பம் பெறுக.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பரில் 28 உறுப்பினர் கூடித் திறந்த சிறு கடையை நாம் அறிவோம். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பண்டங்களே அங்கு விற்றன. சரக்கில் கலப்படமில்லை, எடையில் குறைவில்லை என்பதே அக்கடைக்குப் பெயர் தேடித் தந்தது. இன்று சங்கம் அங்கத்தினரின் கையில் வைக்கும் சரக்கு மாவன்று, செயலி. அதிலும் கலப்படமின்மையே முதல் விதி. அவ்விதியைக் காக்கும் சங்கத்தினிடம் அங்கத்தினர் தம் கைப்பேசியை அச்சமின்றி நீட்டுவர்.